வாசலுக்கு அனுப்பப்பட்ட பிள்ளை

(காசிமேட்டில் மீனவப் பெண்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அம்மாமார்களுக்கும் அக்கா தங்கச்சிகளுக்கும் வணக்கம்.

தடைக்காலம் வந்தால் நம் பக்கம் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. என் சின்ன வயதில் 45 நாள். வலை பின்னுகிற இடத்திலேயே துண்டை விரித்துச் சீட்டுக்கட்டைப் பிரித்துவிடுவார்கள். என் அப்பாவும் அப்படித்தான் உட்கார்ந்தார். தடைக்காலம் முடிந்தும் அந்தச் சூதாட்டத்தை விட்டு எழுந்திருக்கவில்லை.

அவரைப் பற்றி ஊரே பேசியது. வீட்டில் இருந்த எங்களைப் பற்றி யாரும் பேசவில்லை. அதைப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

வட்டிக்காரர் வந்தால் அம்மா என்னைத்தான் வாசலுக்கு அனுப்புவார். "அப்பா ஊருக்குப் போயிருக்காரு மாமா" என்று சொல்ல வேண்டும். அப்பா கதவுக்குப் பின்னால் நிற்பார். அவருடைய பீடி வாசனை எனக்கும் வரும், வந்தவருக்கும் வரும். வட்டிக்காரர் ஒன்றும் பேசாமல் என் முகத்தையே பார்ப்பார். எனக்கு எட்டு வயது. அப்புறம் பள்ளிக்கூடத்தில் டீச்சர் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே வயிற்றைக் கலக்கும்.

தோற்ற நாளை விட ஜெயித்த நாள்தான் எங்களுக்குப் பயம். ராத்திரி பதினொரு மணிக்கு பிரியாணிப் பொட்டலத்தோடு வந்து எழுப்புவார். அம்மா சிரித்துக்கொண்டே பிரிப்பார், ஒரு வாய் இறங்காது. மீதிப் பணம் விடிந்ததும் எங்கே போகும் என்று அவருக்குத் தெரியும். அடகுக்கடைக்குப் போனவை ஒவ்வொன்றாக மூழ்கி, கடைசியில் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் மிஞ்சியது. அம்மாவுக்குத் தூக்கம் போனது. சந்து முனையில் கேட்கும் செருப்புச் சத்தத்தை வைத்தே ஜெயித்தாரா தோற்றாரா என்று சொல்லிவிடுவார். தலைவலிக்கு மாத்திரை வாங்கப் போவார், காரணத்தை டாக்டரிடம் சொன்னதே இல்லை. வெட்கம்.

இன்றைக்குத் துண்டும் வேண்டாம், சீட்டுக்கட்டும் வேண்டாம். பக்கத்தில் படுத்திருப்பவர் போனில் என்ன இழக்கிறார் என்று மனைவிக்கே தெரிவதில்லை. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. நல்லது. ஆனால் ஏற்கெனவே வாங்கிய கடன் நம் வீட்டில்தானே இருக்கிறது?

"பொண்டாட்டி சரியா இருந்தா இவன் ஏன் போறான்?" என்று என் பாட்டியே கேட்டார். அம்மா அதை நம்பினார். சூதாட்டத்தை விட முடியாமல் போவதை உலக சுகாதார நிறுவனம் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அந்த நோய்க்கு மனைவி எப்படிப் பொறுப்பாவாள்?

"இதுதான் கடைசி" என்று கணவர் அழுதால் நம் மனசு கரையும், மகளிர் குழுவில் கடன் எடுத்து அடைத்துவிடுவோம். என் அம்மா மூன்று முறை அடைத்தார். ஒவ்வொரு முறையும் அப்பாவுக்குப் புதிதாகக் கடன் கொடுக்க ஆள் கிடைத்தது. தயவுசெய்து கையெழுத்துப் போடாதீர்கள். ஏடிஎம் கார்டும் வங்கிப் புத்தகமும் உங்களிடம் இருக்கட்டும்.

14416 என்ற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். அவர் வர மாட்டேன் என்றால் பரவாயில்லை, உங்கள் தூக்கத்துக்காக நீங்கள் பேசுங்கள்.

அப்புறம், வட்டிக்காரர் வந்தால் பிள்ளையை அனுப்பாதீர்கள். நீங்களே எழுந்து போங்கள். கணவர் உள்ளே இருந்தால், இருக்கிறார் என்றே சொல்லுங்கள்.