சுக்கான் பிடி

நேயர்களுக்கு வணக்கம்.

சென்ற ஆண்டு மார்ச் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். தென்கிழக்கிலிருந்து கடற்காற்று நன்றாக எழும்பியிருந்தது. என் சிறிய பாய்மரப் படகில் அண்ணன் மகளும் நானும் கரை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தோம். படகைத் திருப்பும் சுக்கான் பிடி அவள் கையில். பெரிய அலையோ புயலோ எதுவும் இல்லை. முருங்கைக் கிளை ஒடிவதுபோல ஒரு சத்தம். “சித்தப்பா, பிடி கையோடு வந்துவிட்டது” என்றாள். மறுகணம் படகு தானாகவே காற்றுக்கு நேராகத் திரும்பி நின்றது. பாய் படபடவென்று அடித்தது. துடுப்பைப் பின்புறம் நீட்டிச் சுக்கானாக்கி ஒருவழியாகக் கரை சேர்ந்தோம்.

முறிந்த இடத்தைக் கரையில் வைத்துப் பார்த்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. அது புதிய முறிவு இல்லை. பாதிக்கு மேல் கறுத்து, ஈரமாக, விரலால் அழுத்தினால் ஊறிய ரஸ்க்போல அமுங்கியது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அங்கே ஒரு வெடிப்பைப் பார்த்திருக்கிறேன். மக்கு பூசி, மேலே வெள்ளைப் பெயின்ட் அடித்து மறந்துவிட்டேன். ஒரு குழந்தையின் கையில் அந்தப் பிடியைக் கொடுத்தவன் நான். அதனால்தான் இன்று இதைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்டேன்.

படகின் பின்புறம் நீருக்குள் தொங்கும் பலகைதான் சுக்கான். அரபு மொழியிலிருந்து கடலோடிகள் வழியாக நம்மிடம் வந்த சொல் அது. அந்தப் பலகையின் தலையில் செருகி, படகுக்குள் நீண்டிருக்கும் கழிதான் பிடி. பிடியை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் திரும்பும். முதல் நாள் எல்லோரும் இதில் தடுமாறுவார்கள். ஒரு வாரத்தில் கை கற்றுக்கொள்ளும். நம் மீனவர்களின் ஃபைபர் படகுகளில் வெளிப்பொருத்து மோட்டாரைத் திருப்பும் கைப்பிடி செய்வதும் இதே வேலைதான்.

சென்னைத் துறைமுகத்துக்குள் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911 முதல் இருக்கிறது. இந்த ஊரிலிருந்துதான் நேத்ரா குமணன், ஒலிம்பிக் பாய்மரப் படகுப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்ணாக, டோக்கியோ வரை போனார். அவர் ஓட்டிய, ஒருவர் மட்டுமே செலுத்தும் லேசர் வகைப் படகுகளில் பிடி அலுமினியமாகவோ கார்பன் இழையாகவோ இருக்கும். பழைய மரப் படகு வைத்திருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு மரப்பிடிதான். அதில் எனக்குக் குறையும் இல்லை. அலைக்குச் சுக்கான் நடுங்குவதை மரம் உள்ளங்கைக்கு இதமாகக் கொண்டுவந்து தருகிறது.

முறிவதற்கு வெகுநாள் முன்பே பிடி எச்சரிக்கும். முதல் அடையாளம் ஆட்டம். சுக்கான் தலையின் இரு பக்கப் பலகைகளுக்கு நடுவே பிடி 15 சென்டிமீட்டர் உள்ளே போயிருக்கிறது. மீதி 90 சென்டிமீட்டர் வெளியே நீண்டிருக்கிறது. உள்ளே 2 மில்லிமீட்டர் தளர்வு இருந்தால் வெளிமுனையில் அது 12 மில்லிமீட்டர், ஏறத்தாழ அரை அங்குலம். அந்த அரை அங்குலத்துக்குள் உங்கள் கை அசையும், சுக்கான் அசையாது. காற்று சற்றே திசை மாறுவதைக் கையில் உணர்ந்து ஓட்டுபவருக்கு அது காதை அடைத்துக்கொண்டு கச்சேரி கேட்பதுபோல. பிடியைக் கழற்றிப் பாருங்கள். போல்ட் துளை வட்டமாக இல்லாமல் முட்டை வடிவத்தில் தேய்ந்திருந்தால், போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை.

முறிந்த துண்டை ராயபுரத்தில் எனக்குப் பழக்கமான ஒரு மூத்த தச்சரிடம் கொண்டுபோனேன். அவர் ஒரு பெரிய போல்ட்டை எடுத்து நுனியிலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். டிங், டிங், டிங் என்று வந்த ஒலி, முறிவுக்கு ஒரு சாண் முன்னாலேயே தொப்பென்று மாறியது. “தம்பி, கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே காதுக்குத் தெரிந்துவிடும்” என்றார். இப்போது மாதம் ஒருமுறை என் படகை நான் தட்டிக் கேட்கிறேன்.

இடிக்கப்பட்ட வீடுகளின் மரம் விற்கும் கடையில் ஒரு பழைய ஜன்னல் சட்டம் கிடைத்தது. பர்மா தேக்கு, வைரம் பாய்ந்த மரம். தச்சர் அதைக் கண்ணுக்கு நேராக நீட்டிப் பிடித்து இழை ஓடும் விதத்தைப் பார்த்தார். ஒரு முனையில் புகும் இழை மறுமுனை வரை ஓட வேண்டும். நடுவழியில் பக்கவாட்டில் வெளியேறினால் பிடி அங்கேதான் பிளக்கும். முதல் துண்டில் இழை அப்படி வெளியேறியதால் அதை வேண்டாமென்று ஒதுக்கிவிட்டார். இரண்டாவதை 10 மில்லிமீட்டர் கனத்தில் மூன்று பட்டைகளாக அறுத்து, இழை நீளவாக்கிலேயே ஓட, ஒன்றுவிட்டு ஒன்றைத் தலைமாற்றி அடுக்கி ஒட்டினோம். ஒற்றைக் கட்டை நாளடைவில் தானே கோணலாகலாம், அடுக்கு எளிதில் கோணாது.

ஒட்டுவதில் இரண்டு செய்திகள் முக்கியம். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்த கையோடு, இரண்டு திரவங்களைக் கலந்து செய்யும் எபாக்சிப் பசையைத் தடவ வேண்டும். அடுத்தது நம் ஊர் வெயில். எபாக்சியைக் கிண்ணம் நிறையக் கலந்து வைத்தால் தானே சூடேறிப் புகையக்கூட ஆரம்பித்துவிடும். விடிகாலையில், கொஞ்சம் கொஞ்சமாக, அகலத் தட்டில் கலக்குங்கள். பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் கிளாம்பை வெறிகொண்டு இறுக்க வேண்டாம். பசை முழுவதும் பிதுங்கி வெளியேறிவிட்டால் ஒட்டுவதற்கு என்ன இருக்கும்?

வடிவமைக்கும்போது கனத்தை எங்கே விடுவது என்பதில்தான் அறிவு வேண்டும். சுக்கான் தலையை விட்டு வெளியே வரும் இடத்தில்தான் வளைவு அழுத்தம் மிகுதி. அங்கே ஒரு மில்லிமீட்டரும் குறைக்காதீர்கள். அதற்கு அப்பால் நுனி நோக்கி மெல்லக் குறுகலாம். சதுரத்தை இழைப்புளியால் எட்டுப் பட்டையாக்கி, எட்டைப் பதினாறாக்கி, பிறகு உப்புத்தாள் போட்டால் உருண்டை தானே வரும். அந்த மாலை முழுவதும் இழைப்புளியிலிருந்து சுருள் சுருளாகத் தேக்கு மணம் வந்துகொண்டிருந்தது.

போல்ட் துளைக்கு வருகிறேன். என் பழைய பிடி செத்தது அதன் வழியாகத்தான். 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு முதலில் 12 மில்லிமீட்டர் துளை போட்டு, கெட்டியான எபாக்சியால் முழுவதும் அடைத்து, இறுகியபின் நடுவில் 8 மில்லிமீட்டர் துளை போட வேண்டும். போல்ட்டைச் சுற்றி எபாக்சி உறையாக நிற்கும். தண்ணீர் மரத்தைத் தொடாது. இரு முனைகளின் வெட்டுமுகத்துக்கும் எபாக்சி ஊட்டுங்கள்; மரம் தண்ணீர் குடிப்பது அந்த வாய்களால்தான். போல்ட்டும் வாஷரும் உப்புநீரை நன்கு தாங்கும் 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். பித்தளை வேண்டாம், உப்புநீரில் அதன் துத்தநாகம் கரைந்து போய், வலுவில்லாத செம்புதான் மிஞ்சும்.

கடைசியாக, பெயின்ட். தயவுசெய்து சுக்கான் பிடிக்குப் பெயின்ட் அடிக்காதீர்கள். ஒளி ஊடுருவும் வார்னிஷ் மட்டும் போடுங்கள்: முதல் பூச்சு டர்பன்டைன் கலந்து நீர்க்க, அடுத்து ஐந்தாறு பூச்சு, ஒவ்வொன்றுக்கும் இடையில் லேசாக உப்புத்தாள். ஆண்டுக்கு ஒருமுறை மேற்பூச்சு தேவைப்படும், வேலைதான். ஆனால் வார்னிஷுக்கு அடியில் மரம் கறுத்தால் அன்றே தெரிந்துவிடும். வெள்ளைப் பெயின்ட் இரண்டு ஆண்டுகள் என்னிடமிருந்து மறைத்ததை வார்னிஷ் இரண்டு வாரத்தில் காட்டிக்கொடுத்திருக்கும்.

புதிய பிடியை மே மாதத்தில் பொருத்தினோம். முதலில் அண்ணன் மகளிடம்தான் கொடுத்தேன். அவள் உட்காரும் முன் பிடியை மேலும் கீழும், இடமும் வலமும் அசைத்துப் பார்த்தாள். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து, அடியிலிருந்து நுனி வரை தட்டிக்கொண்டே போனாள்.

வணக்கம்.