முதலில் ஷாக், அப்புறம் ஸ்பிரிங்

வணக்கம் நேயர்களே. காரின் சஸ்பென்ஷனை, அதாவது சக்கரத்துக்கும் உடலுக்கும் நடுவே அதிர்ச்சியைத் தாங்கும் அமைப்பை, மாற்ற வேண்டும் என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான். இப்போது உங்களுக்கு எது பிடிக்கவில்லை? வளைவில் கார் சாய்வதா, மேடு ஏறி இறங்கிய பிறகும் இரண்டு மூன்று முறை ஆடுவதா, சின்னப் பள்ளத்துக்கே முதுகில் குத்துவதா? மூன்றுக்கும் மருந்து வேறு. ஆனால் பலர் காரைத் தாழ்த்தும் ஸ்பிரிங்கை ஏற்கெனவே முடிவு செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான். என் காரைத் தாழ்த்தினேன், பார்க்க அழகாக இருந்தது. பின் இருக்கையில் உட்கார்ந்த அம்மா மறுமுறை ஏற மறுத்துவிட்டார்.

எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அமுங்கிய ஸ்பிரிங் தானாக அடங்காது, துள்ளிக்கொண்டே இருக்கும். அந்தத் துள்ளலை அடக்குவது ஷாக் அப்சார்பர். உள்ளே ஒரு பிஸ்டன் எண்ணெயை வால்வுகள் வழியாகத் தள்ளுகிறது. ஆட்டத்தின் சக்தி சூடாக மாறிக் கரைந்துவிடுகிறது. நல்ல ஷாக்குக்கும் சுமாரான ஷாக்குக்கும் உள்ள வித்தியாசம் இந்த வால்வில்தான். வளைவில் கார் சாயும்போது பிஸ்டன் மெதுவாக நகர்கிறது. பள்ளத்தில் விழும்போது படு வேகமாக நகர்கிறது. மெதுவான அசைவுக்கு இறுக்கிப் பிடித்து, திடீர் அடிக்கு வால்வைத் திறந்து வழிவிடும் ஷாக் கிடைத்தால் சாய்வும் குறையும், முதுகும் பிழைக்கும். எல்லா வேகத்திலும் முரட்டுத்தனமாக எதிர்ப்பதைப் பலர் 'ஸ்போர்ட்' என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

ஷாக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்வதால், தினமும் ஓட்டுகிறவருக்கு அது தெரியாது. அதனால் சொகுசு வேண்டும் என்கிறவருக்கு என் பரிந்துரை: கம்பெனி ஸ்பிரிங் அப்படியே இருக்கட்டும், நல்ல ஷாக்கை மட்டும் இடது, வலது என்று ஜோடியாக மாற்றுங்கள். ஷாக்கின் மேல்முனையை உடலோடு பிடிக்கும் மேல் மவுன்ட், இணைப்புகளில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் உறையான புஷ் எல்லாவற்றையும் அப்போதே பார்த்துவிடுங்கள். பெரும்பாலும் அதோடு வேலை முடிந்துவிடும்.

ஸ்பிரிங்கைத் தொட்டே ஆக வேண்டுமா? சரி, ஒரு கணக்கு. சாதாரண காரின் உடல் நொடிக்கு ஒன்று முதல் ஒன்றரை முறை ஆடும்படி அமைத்திருப்பார்கள். கிட்டத்தட்ட நாம் நடக்கும் தாளம் அது, உடம்புக்குப் பழகியது. மேலும் கீழுமான அதிர்வில் உடம்பு அதிகம் வருந்துவது நொடிக்கு 4 முதல் 8 முறை வரை ஆடும்போது. ஸ்பிரிங் கடினமாக ஆக, காரின் ஆட்டம் அந்த எண்ணிக்கையை நோக்கி நகர்கிறது. தாழ்த்தினால் இன்னொரு தொல்லையும் உண்டு. சக்கரம் மேலேற 70 மில்லிமீட்டர் இடமுள்ள காரை 30 மில்லிமீட்டர் இறக்கினால் மிச்சம் 40தான். கொஞ்சம் பெரிய பள்ளம் வந்தால் சக்கரம் அதற்கு மேல் ஏறாமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரில் மோதும். குத்துகிறது என்று புலம்புகிறவர்களில் பலருக்கு இடிப்பது ஸ்பிரிங் அல்ல, அந்த ரப்பர்தான்.

முன்பக்கம் மட்டும், பின்பக்கம் மட்டும் என்று ஸ்பிரிங்கை மாற்றாதீர்கள். பின்பக்கம் முன்பக்கத்தைவிடச் சற்று வேகமாக ஆட வேண்டும் என்று 1930களிலேயே மாரிஸ் ஆலி என்ற பொறியாளர் கண்டு சொன்னார். மேட்டில் முன்சக்கரம் முதலில் ஏறுகிறது, பின்சக்கரம் கொஞ்சம் தாமதமாக ஏறுகிறது. பின்பக்கம் வேகமாக ஆடி அந்தத் தாமதத்தை ஈடுகட்டினால்தான் கார் குதிரை மாதிரி முன்னும் பின்னும் ஆடாது.

சாய்வு மட்டும்தான் குறை என்றால் சற்றுத் தடித்த ஆன்டி ரோல் பார், அதாவது இடது வலது சக்கரங்களை இணைத்துச் சாய்வைக் குறைக்கும் கம்பி, போடலாம். இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறும் மேட்டில் அது குறுக்கிடாது. ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கினால் ஆட்டத்தை மறுபக்கத்துக்கும் கடத்தும். அதனால் அளவோடு. ரப்பருக்குப் பதில் போடும் பாலியூரித்தேன் புஷ் சத்தத்தைக் கொண்டுவரும், தினசரி காருக்கு எனக்குப் பிடிக்காது. பெரிய அலாய் சக்கரமும் பக்கச்சுவர் குட்டையான டயரும் போட்டுவிட்டு சஸ்பென்ஷனைக் குறை சொல்வதும் வேண்டாம். டயர் காற்றை அழுத்தமானியில் பாருங்கள், காசில்லாத மருந்து அது.

பொருத்தும்போது ஒன்றைக் கவனியுங்கள். கார் தூக்கியில் சக்கரம் தொங்கும்போதே ரப்பர் புஷ் போல்ட்டை இறுக்கக் கூடாது. வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய நிலையில்தான் கடைசி இறுக்கு. இல்லையென்றால் புஷ் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருக்கும். புதுப் பாகம் போட்டும் கார் விறைப்பாக ஓடும், ரப்பரும் சீக்கிரம் கிழியும். அதன் பிறகு வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணம், பார்த்துவிட்டு வண்டியை வாங்குங்கள்.