கூத்தில் ஒரே வரியை ஏன் திரும்பத் திரும்பப் பாடுகிறார்கள்? காரணம் காற்றில் இருக்கிறது!

[காட்சி: இரவு. மணல் களரி (கூத்து ஆடும் இடம்). மத்தளமும் சல்லரித் தாளமும் மட்டும் கேட்கின்றன.]

அரசன் ஒரு வரி பாடுகிறான். நடுவில் நிற்பவர்கள் அதே வரியை வாங்கிப் பாடுகிறார்கள். அரசன் ஒரு சுற்று ஆடி வருகிறான், மறுபடியும் அதே வரி. முதல் தடவை கூத்துப் பார்க்க வரும் பிள்ளைகள் எல்லோரும் கேட்கும் கேள்வி, "சொன்னதையே ஏன் சொல்லுறாங்க?"

இதற்குப் பதில் தேடிப் போய் நான் காற்று, வெப்பம், வட்டத்தின் பரப்பளவு என்று எங்கெங்கோ போய்விட்டேன். கடைசி வரை இருங்கள்.

வணக்கம். திருகோணமலையிலிருந்து பேசுகிறேன். இந்தக் கோடையில் எங்கள் ஊர்ப் பொடியங்களும் பெரியவர்களும் சேர்ந்து ஒரு வடமோடிக் கூத்துப் போடுகிறார்கள். நடிப்பவர்களில் யாருக்கும் அது தொழில் இல்லை. பகலில் வேலை, இரவில் ஆட்டம்.

பின்னணி சுருக்கமாக. இலங்கையின் கிழக்கில் கூத்துக்கு வடமோடி, தென்மோடி என்று இரண்டு மரபு. வடமோடியில் பாரத, இராமாயணப் போர்க்கதைகள் அதிகம், தென்மோடியில் காதல் கதைகள் அதிகம். ஒரு கூத்து உருவாகும் படிகள்: நடிப்பவர்களுக்கு அவரவர் பாட்டைக் கொடுக்கும் சட்டம் கொடுத்தல், ஆட்டம் பழக்குதல், சதங்கை அணிதல், முழு ஒத்திகையான அடுக்குப் பார்த்தல், அப்புறம் அரங்கேற்றம். சரி, விஷயத்துக்கு வருவோம்.

ஏன் கோடை? எங்கள் ஊருக்கு மழை வடகீழ்ப் பருவக்காற்றோடுதான் வரும். டிசம்பரில் சராசரியாக 300 மில்லிமீற்றருக்கு மேல் பெய்யும், ஜூனில் 30ஐக்கூடத் தொடாது. கூரை இல்லாத களரிக்கு இதைவிட நல்ல காலம் கிடையாது. ஆனால் கோடையோடு கச்சான் காற்றும் வந்துவிடுகிறது. மேற்கிலிருந்து, காய்ந்த சூட்டோடு, மணலை அள்ளிக்கொண்டு வரும்.

[காட்சி: மாலை ஒத்திகை. கிழக்கே கடல்.]

ஒத்திகையின் முதல் வாரம் வெயில் சாயும் முன்பே தொடங்கினோம். கிழக்குப் பக்கம் இருந்தவர்களுக்குப் பாட்டு நன்றாகக் கேட்டது. மேற்குப் பக்கம் இருந்த ஒரு ஐயா என்னைக் கூப்பிட்டார். "தம்பி, வாய் அசையுறது தெரியுது, சத்தம் வந்து சேரல்ல." இரு பக்கமும் தூரம் ஒன்றுதான்!

காற்று சத்தத்தைத் தள்ளிக்கொண்டு போகிறது என்று நினைப்போம். நடப்பது அதைவிட அழகானது. தரையோடு காற்று மெதுவாக வீசும், மேலே போகப் போக வேகம் கூடும். அதனால் காற்றோடு போகும் ஒலி தரையை நோக்கி வளையும், காற்றை எதிர்த்துப் போகும் ஒலி வானத்தை நோக்கி வளையும். அந்த ஐயாவின் தலைக்கு மேலால் பாட்டுப் போய்க்கொண்டிருந்தது.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடம். ஒலி சூடான காற்றில் வேகமாகப் போகும், வேகம் குறைந்த பக்கத்தை நோக்கி வளையும். பகலில் மண் கொதிக்கிறது, மேலே காற்று அதைவிடக் குளிர்ச்சி, ஆகவே ஒலி மேலே வளைந்து தொலைந்துபோகிறது. இரவில் வானம் தெளிவாக இருந்தால் மண் சீக்கிரம் குளிர்ந்துவிடும். தரையோடு குளிர்ந்த காற்று, அதற்கு மேல் சூடான காற்று. அப்போது ஒலி கீழே வளைந்து தரையோடு தரையாக வெகுதூரம் போகும். பக்கத்து ஊர்க் கோயில் மத்தளம் நடுச்சாமத்தில் நம் முற்றத்தில் கேட்பது இதனால்தான். விடிய விடிய ஆடிய கூத்து, ஒலி நன்றாகப் போகும் நேரத்தைத்தான் பிடித்துவைத்திருந்தது.

அடுத்தது வட்டக்களரி, சனம் சுற்றிவர இருக்க நடுவில் ஆடும் களரி. நீங்களே கணக்குப் பாருங்கள். சனத்தை அரைவட்டமாக இருத்தினால் கடைசி ஆள் 20 மீற்றரில் இருக்கிறார் என்று வையுங்கள். அதே சனத்தை அதே பரப்பளவில் முழுவட்டமாக இருத்தினால் கடைசி ஆள் ஏறக்குறைய 14 மீற்றருக்கு வந்துவிடுவார். எல்லோரும் கிட்ட வருகிறார்கள்.

ஆனால் வட்டத்தில் ஒரு சிக்கல் உண்டு. ஆடுபவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் பாதிச் சனத்துக்கு முதுகுதான் தெரியும். முதுகுப் பக்கம் சொல் தெளியாது. அதோடு அவர் கூடை போல விரிந்து நிற்கும் கரப்புடுப்பும் தலையில் கிரீடமும் போட்டு, காலில் சதங்கையோடு சுற்றி ஆடுகிறார். மூச்சு எங்கே இருக்கும்?

இங்கேதான் அந்தத் திரும்பப் பாடுதல் வருகிறது. கூத்தைப் பழக்கிய ஆசானான அண்ணாவியாரும், வரியை வாங்கிப் பாடும் பிற்பாட்டுக்காரரும் களரிக்கு நடுவில் நிற்கிறார்கள். ஆடுபவர் பாடிய வரியைப் பலர் சேர்ந்து நடுவிலிருந்து பாடும்போது அது எல்லாப் பக்கமும் போகிறது. முதுகைப் பார்த்திருந்தவருக்கும் சொல் கிடைக்கிறது. ஆடுபவருக்கு மூச்சு திரும்புகிறது. அவர் சுற்றி வந்து மறுபடி பாடும்போது முகமும் கிடைக்கிறது. முன்னோர் இதை அளந்து செய்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கேட்காத இடத்தில் கேட்கவைக்கப் பாடிப் பாடி வந்த வழி இது என்பது என் கணிப்பு.

1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தைச் சுருக்கி, முன்பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்குக் கொண்டுபோனார். அவருடைய மாணவர் மௌனகுரு எழுதி இராவணனாக ஆடிய 'இராவணேசன்' அந்த வழியில் வந்ததுதான். சுவரும் கூரையும் உள்ள மண்டபத்துக்கு அது சரியான முடிவு, கூத்துக்குப் பெரிய மரியாதையையும் தேடித் தந்தது. ஆனால் கோடையில் திறந்த வெளியில் ஆடுகிற ஊர்க்குழு, நேரம் மிச்சம் என்று பிற்பாட்டை வெட்டக்கூடாது. எங்கள் குழுவிலும் அந்தப் பேச்சு வந்தது. வேண்டாம் என்று கெஞ்சினேன். நேரம் குறைக்க வேண்டுமென்றால் ஒரு காட்சியையே விடுங்கள், வரியை விடாதீர்கள்.

ஒலிபெருக்கி? வைக்கலாம். ஒரு மூலையில் பெரிய பெட்டியாக வைக்காமல் நடுவில் சிறியதாக வையுங்கள், ஆள் நிற்கும் பக்கமிருந்தே குரல் வரட்டும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் கூத்துப் பாட்டு எழுதிய பழைய கொப்பி இருந்தால், ஓரம் கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வையுங்கள். 'நூலகம்' என்ற எண்ணிம (டிஜிட்டல்) நூலகத்தில் ஈழத்து ஆவணங்களைச் சேர்க்கிறார்கள், அவர்களோடு பேசுங்கள். எங்கள் மாவட்டத்துச் சம்பூர் மக்கள் 2006இல் போரால் இடம்பெயர்ந்து, ஏறக்குறைய ஒன்பது வருடத்துக்குப் பிறகுதான் ஊர் திரும்பத் தொடங்கினார்கள். அப்படி ஓடும்போது யார் கொப்பியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்?

[காட்சி: மேற்குப் பக்கம் தென்னோலைக் கிடுகு கட்டுகிறார்கள்.]

இப்போது காற்றை மறிக்க மேற்குப் பக்கம் ஆள் உயரத்துக்கு மேல் கிடுகு கட்டி முடித்துவிட்டோம். ஆட்டம் இரவு ஒன்பதுக்குப் பிறகு, மண் குளிர்ந்ததும். வரும்போது பாய் கொண்டுவாருங்கள். மேற்குப் பக்கம்தான் இடம் கிடைத்தது என்றால் முன்னுக்கு வந்து இருங்கள், அந்த ஐயாவுக்குப் பக்கத்தில்.