மணி அடிக்க யாரைக் கேட்க வேண்டும்?

(தொடக்கப் பள்ளிப் பணியாளர்களுக்கான கூட்டத்தில் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைமை ஆசிரியர்களுக்கும், வகுப்பு ஆசிரியர்களுக்கும், சத்துணவு அமைப்பாளர்களுக்கும், சமையல் அக்காமாருக்கும், பள்ளி மேலாண்மைக் குழுவிலிருந்து வந்திருக்கிற தாய்மாருக்கும் வணக்கம்.

சமையல் செய்கிறவர்கள் கண்டிப்பாக வர வேண்டும், அப்படியென்றால்தான் பேசுவேன் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தேன். காரணம் இருக்கிறது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 பிள்ளைகளைப் பறிகொடுத்தோமே, அந்தத் தீ வகுப்பறையில் பிடிக்கவில்லை. சமையலறையில் பிடித்துக் கீற்றுக் கூரைக்கு ஏறியது. மாடியில் இருந்த சின்னப் பிள்ளைகள் இறங்கி வர ஒரு குறுகலான படிக்கட்டு. அதற்குப் பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரை போனது. 2009-இல் உச்ச நீதிமன்றம், எல்லாப் பள்ளியிலும் தீயணைப்பான் இருக்க வேண்டும், பணியாளர்களுக்கு அதைப் பயன்படுத்தப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பிட்டது. சிவப்பு உருளை எல்லாப் பள்ளியிலும் தொங்குகிறது. ஊசியை இழு, தீயின் அடிப்பாகத்தைப் பார்த்துப் பிடி, அழுத்து, இடம் வலமாக வீசு. இதை ஒருமுறையாவது கையால் செய்து பார்த்தவர்கள் கை தூக்குங்கள் என்றால் எத்தனை கை எழும்பும்? பக்கத்துத் தீயணைப்பு நிலையத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள். வந்து சொல்லிக் கொடுப்பார்கள்.

நம்ம ஊர் விஷயத்துக்கு வருகிறேன். 2021 டிசம்பர் 17, நெல்லை டவுனில் ஒரு பள்ளியில் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். மழைக்காலம், பழைய சுவர். அதன்பிறகு மாநிலம் முழுக்கப் பழுதான கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்கச் சொன்னார்கள். நல்லதுதான். ஆனால் இன்றைக்கும் ஏதாவது ஒரு பள்ளியில் விரிசல் விட்ட சுவர் நின்றுகொண்டுதான் இருக்கும். "மேலே எழுதிப் போட்டிருக்கோம், இன்னும் உத்தரவு வரல" என்பார்கள். இடிக்கத்தான் உத்தரவு வேண்டும். அந்தச் சுவரைச் சுற்றிக் கம்பு நட்டுக் கயிறு கட்ட யார் உத்தரவும் வேண்டாம். எழுதிப் போட்ட அன்றைக்கே கயிற்றைக் கட்டுங்கள். கயிறு மட்டும் பிள்ளைகளைத் தடுக்காது. இடைவேளையில் ஒரு ஆள் அங்கே நிற்க வேண்டும். எந்த ஆள் என்று பேர் போட்டு எழுதி வையுங்கள்.

நான் இன்றைக்குச் சொல்ல வந்ததே இந்தப் பேரும் இடமும்தான். ஆபத்து நேரத்தில் யார் எதைச் செய்வது, எங்கே போவது என்பதைச் சாதாரண நாளில் முடிவு பண்ணி வைத்திருக்க வேண்டும். அந்த நிமிஷம் வந்தபிறகு கூடிப் பேசக் கூடாது.

ஜப்பானில் இஷினோமாகி என்ற ஊரில் ஒகாவா தொடக்கப் பள்ளி. 2011 மார்ச் 11 அன்று பெரிய நிலநடுக்கம். பிள்ளைகளை ஒழுங்காக வெளியே கொண்டுவந்து மைதானத்தில் நிறுத்திவிட்டார்கள். அதுவரைக்கும் ஒரு குறையும் இல்லை. சுனாமி வந்து சேர ஏறத்தாழ ஐம்பது நிமிஷம் இருந்தது. பள்ளிக்குப் பின்னாலேயே மலை. ஆனால் எங்கே போவது என்று பேசிக்கொண்டே நின்றுவிட்டார்கள். 74 பிள்ளைகளும் 10 ஆசிரியர், பணியாளர்களும் போய்விட்டார்கள். ஒத்திகைக்குப் பேர்போன நாடு அது. அந்தப் பள்ளியிலும் திட்டம் எழுதித்தான் வைத்திருந்தார்கள். அதில் 'காலி இடம், பூங்கா' என்று பொதுவாக இருந்ததே தவிர, எந்தக் காலி இடம் என்று இல்லை. முன்கூட்டியே தயாராக இல்லாததற்குப் பள்ளியும் நகர நிர்வாகமும்தான் பொறுப்பு என்ற தீர்ப்பு 2019-இல் உறுதியானது. இப்போது உங்கள் பள்ளித் திட்டத்தை எடுத்துப் பாருங்கள். 'பாதுகாப்பான இடத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும்' என்று இருக்கிறதா? அதை அடித்துவிட்டு, 'அம்மன் கோவில் மண்டபம்' என்றோ 'மேட்டுத் தெரு சமுதாயக்கூடம்' என்றோ எழுதுங்கள். அதன் சாவி யார் வீட்டில் இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அடுத்தது மணி. தண்டவாளத் துண்டு தொங்கினாலும் சரி, மின்சார மணி இருந்தாலும் சரி, நிறுத்தாமல் அடித்தால் எல்லாரும் வெளியே என்று ஒரே அர்த்தம் இருக்க வேண்டும். அதை அடிக்க யாரைக் கேட்க வேண்டும்? யாரையும் கேட்க வேண்டாம். புகையைப் பார்த்தவர் சமையல் உதவியாளராக இருந்தால் அவர் அடிக்க வேண்டும். "பெரிய டீச்சர் வரட்டும், சொல்லிட்டு அடிப்போம்" என்று அந்த அக்கா நினைத்தால் நம்ம திட்டம் தோற்றுப்போச்சு. வீணாக அடித்துவிட்டார் என்று யாரும் அவரை ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. தலைமை ஆசிரியர்கள் இதை இன்றைக்கே அவர்களிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். 2023 ஆகஸ்டிலிருந்து காலை உணவுத் திட்டம் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்துவிட்டது. பள்ளியிலேயே சமைக்கிற கிராமங்களில், ஆசிரியர் பஸ் இறங்கி வருவதற்கு முன்னாலேயே அடுப்பு எரிகிறது, பிள்ளைகளும் வந்துவிடுகிறார்கள். அந்த நேரத்தில் பள்ளியின் பொறுப்பு யார் கையில் இருக்கிறது? கரண்டி பிடித்திருக்கிற கையில். வாசல் சாவி, முதலுதவிப் பெட்டி, போன் நம்பர் எல்லாம் அந்தக் கைக்கு எட்ட வேண்டும். கேஸ் வாடை வந்தால் ரெகுலேட்டரை மூடுங்கள், கதவு ஜன்னலைத் திறந்துவிடுங்கள், எந்த சுவிட்சையும் தொடாதீர்கள். போடவும் வேண்டாம், ஓடுகிற ஃபேனை அணைக்கவும் வேண்டாம். கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். பிள்ளைகள் தரையில்தான் உட்கார்ந்திருப்பார்கள், அதனால் அவர்களை உடனே வெளியே கொண்டுபோக வேண்டும். எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றாமல் அடுப்பை அணைத்து மூடி போட்டு மூடுங்கள். கொதிக்கிற சாம்பார் பிள்ளை மேல் பட்டால் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிஷம் காட்டுங்கள். பேஸ்ட், மை, மாவு எதுவும் தடவக் கூடாது.

ஒத்திகை என்றால் போட்டோ எடுத்து அனுப்புகிற காரியமாக ஆகிவிட்டது. உண்மையாக நடத்திப் பார்த்தால்தான் குறை தெரியும். நான் பார்த்த ஒரு ஒத்திகையைச் சொல்கிறேன். மணி அடித்ததும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். வாசல்படிக்கு வந்ததும் வரிசை அப்படியே நின்றுவிட்டது. என்னவென்று பார்த்தால், முன்னால் வந்த பிள்ளைகள் குனிந்து அவரவர் செருப்பைத் தேடுகிறார்கள்! செருப்பை விட்டுவிட்டுப் போனால் வீட்டில் அடி விழும் என்ற பயம். பின்னால் இருபது பிள்ளை நெருக்குகிறது, செருப்புக் குவியலில் ஒன்று தடுக்கி விழுகிறது. அன்றைக்கே செருப்பு வைக்கிற இடத்தை வாசலிலிருந்து வராந்தாவின் கடைசிக்கு மாற்றினார்கள். காசு செலவில்லை. எந்தச் சுற்றறிக்கையிலும் இது வராது, நடத்திப் பார்த்தால்தான் கண்ணில் படும்.

அதே ஒத்திகையில் தலையை எண்ணினார்கள், கணக்கு சரியாக இருந்தது. பேர் சொல்லிக் கூப்பிட்டபோது ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று குறைந்தது. கணக்கை நிரப்பியது அங்கன்வாடியிலிருந்து வந்து கலந்துகொண்ட குழந்தை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மணிச் சத்தத்துக்குப் பயந்து கழிப்பறைக்குள் ஒளிந்திருந்தது. சின்னப் பிள்ளைகள் ஆபத்தென்றால் ஓட மாட்டார்கள், ஒளிவார்கள். அதனால் கடைசியாக வெளியே வருகிற பெரியவர் கழிப்பறை, மேசையடி, கதவு மறைவு எல்லாம் பார்த்துவிட்டுத்தான் வர வேண்டும். வருகைப் பதிவேடு ஆசிரியர் கையோடு வெளியே வர வேண்டும். கல்வித் துறையின் இணையப் பதிவான எமிஸில் ஏற்றிவிட்டோம் என்று இருக்காதீர்கள், அந்த நேரம் சிக்னல் இருக்காது. நடக்க முடியாத பிள்ளை இருந்தால் அந்தப் பிள்ளைக்கு இரண்டு பேரை இப்போதே நியமியுங்கள். ஒருவர் லீவு என்றால் இன்னொருவர்.

பாம்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேசத்தான் வேண்டும். வயலும் வாய்க்காலும் வாழைத் தோட்டமும் சூழ்ந்த பள்ளிகள் நம்முடையவை. 2019 நவம்பரில் வயநாடு சுல்தான் பத்தேரியில், வகுப்பறைத் தரையில் இருந்த பொந்தில் பாம்பு கடித்து ஐந்தாம் வகுப்புச் சிறுமி இறந்தாள். அப்பா வரட்டும் என்று காத்திருந்ததில் நேரம் போய்விட்டது என்றுதான் கேரளமே கொந்தளித்தது. அந்தப் பொந்தை ஒரு கை சிமெண்ட் அடைத்திருக்கும்.

பிள்ளை "ஏதோ கடிச்சிட்டு டீச்சர்" என்றால் பாம்புக்கடி என்று வைத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் கடித்தால் வலியும் வீக்கமும் காட்டிக்கொடுக்கும். கட்டுவிரியன் கடித்தால் தடமே சரியாகத் தெரியாமல் போகும், வலியும் அதிகம் இருக்காது. கொஞ்ச நேரத்தில் கண் இமை சொருகும், பேச்சு குழறும். தூக்கம் வருது போல என்று படுக்க வைத்துவிடாதீர்கள். பிள்ளையை நடக்க விடாமல் தூக்குங்கள். கடிபட்ட காலை ஸ்கேல், அட்டை வைத்துத் துணியால் அசையாமல் தளர்வாகக் கட்டுங்கள். கயிறு போட்டு இறுக்கக் கூடாது, கீறக் கூடாது, வாயால் உறிஞ்சக் கூடாது. கொலுசு, வளையல், காப்புக் கயிற்றைக் கழற்றிவிடுங்கள், வீங்கினால் இறுக்கும். பாம்பைத் தேடி அடிக்கப் போகிற நேரத்தில் பாதி வழி போயிருக்கலாம். விஷமுறிவு மருந்து உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிறதா, தாலுகா ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டுமா, நேரே பாளையங்கோட்டை ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்கா என்பதை இந்த வாரமே நேரில் விசாரித்துச் சுவரில் எழுதுங்கள். 108 வரத் தாமதமாகும் என்றால் பைக்கில் நடுவில் உட்கார வைத்துப் பிடித்துக்கொண்டு போங்கள். வீட்டிலிருந்து யாராவது ஓடிவந்து "மந்திரிச்சிட்டுப் போவோம் டீச்சர்" என்பார்கள். அவர்களையும் வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள், சண்டை போட வேண்டாம். "முதல்ல ஆஸ்பத்திரி ஆச்சி, மத்ததை அங்க வச்சுப் பேசுவோம்" என்று சொல்லிக்கொண்டே வண்டியை எடுங்கள்.

வலிப்பு வந்த பிள்ளை கையில் சாவிக்கொத்தைத் திணிப்பது இன்னும் போகவில்லை. அது ஒன்றும் செய்யாது. வாயில் எதையும் வைக்காதீர்கள், கை காலை அமுக்கிப் பிடிக்காதீர்கள். தலைக்கடியில் மடித்த துணி, ஒருக்களித்துப் படுக்க வைப்பது, கடிகாரத்தைப் பார்ப்பது, இவ்வளவுதான். ஐந்து நிமிஷம் தாண்டினாலோ, முதல்தடவை வருகிற வலிப்பு என்றாலோ 108.

வெள்ளம். 2023 டிசம்பர் 17, 18 யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை, தாமிரபரணி இரண்டு கரையும் தாண்டிப் போனது. 17-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. சுனாமி வந்த 2004 டிசம்பர் 26-உம் ஞாயிற்றுக்கிழமை. இரண்டு தடவையும் பிள்ளைகள் பள்ளியில் இல்லை. அடுத்தது செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்தால் என்ன செய்வோம் என்று ஆற்றங்கரைப் பள்ளிகளும், உவரி, இடிந்தகரை மாதிரி கடற்கரைப் பள்ளிகளும் யோசித்து வைத்திருக்க வேண்டும். கடல் திடீரென்று உள்வாங்கினால் யார் தகவலுக்கும் காத்திருக்க வேண்டாம், கடலுக்கு முதுகைக் காட்டி மேட்டைப் பார்த்து நடையைக் கட்ட வேண்டியதுதான். கூடங்குளம் அணுமின் நிலையத்துக்குப் பக்கத்துப் பள்ளிகளுக்கு வேறு விதம். அங்கே எச்சரிக்கை வந்தால் பிள்ளைகளை ரோட்டில் விடாமல் உள்ளே வைத்துக் கதவு ஜன்னலை அடைத்துக்கொண்டு, மாவட்ட நிர்வாகம் சொல்வதைக் கேட்க வேண்டும்.

வெள்ளம் வடிந்து பள்ளி திறக்கிற முதல் நாள்தான் எனக்கு அதிக பயம். ஊறின சுவர், நனைந்த சுவிட்ச் போர்டு, பீரோவுக்கடியில் பாம்பு, சேறு கலந்த தொட்டி. பெரியவர்கள் முந்தின நாளே போய் மெயினை அணைத்துவிட்டு ஒவ்வொரு அறையாகக் கம்பால் தட்டிப் பார்க்க வேண்டும். நனைந்த அரிசியை உலர்த்திச் சமைக்க வேண்டாம், எழுதிக் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். மின்வாரிய ஆள் பார்த்த பிறகுதான் கரண்ட்.

போன் பண்ணும்போது ஊர்ப் பேர் மட்டும் சொன்னால் போதாது. புதூர் என்றால் எந்தப் புதூர்? தாலுகா, மெயின் ரோட்டிலிருந்து திரும்புகிற இடம், ஒரு அடையாளம், இவற்றை எழுதிப் போன் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். பதற்றத்தில் சொந்த ஊருக்கு வழி சொல்லவே நாக்கு குழறும். ஆம்புலன்ஸ் 108, தீயணைப்பு 101, எல்லா அவசரத்துக்கும் 112, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. பெற்றோர் நம்பரைப் பருவத்துக்கு ஒருமுறை கூப்பிட்டுச் சரிபாருங்கள். அப்பா திருப்பூரிலோ துபாயிலோ இருப்பார், அம்மா பீடி இலை வாங்கக் கடைக்குப் போயிருப்பார், வீட்டில் இருக்கிற ஆச்சியிடம் போன் இருக்காது. பக்கத்து வீட்டு நம்பர் ஒன்று அவசியம். பிள்ளையை யார் கூட்டிப்போனாலும் பேரும் நேரமும் கையெழுத்தும் வாங்கிவிட்டு அனுப்புங்கள். "சித்தப்பா வந்திருக்கேன்" என்று சொன்னால் பிள்ளை முகத்தைப் பாருங்கள், பிள்ளைக்குத் தெரியும்.

கடைசியாக, ஈராசிரியர் பள்ளிக்காரர்கள் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருப்பதற்குப் பதில் சொல்கிறேன். ஒரு ஆசிரியர் பயிற்சிக்குப் போயிருக்கிறார், இருக்கிறவர் நீங்கள் ஒருவர்தான். ஒரு பிள்ளைக்கு அடிபட்டுவிட்டது. மற்ற பிள்ளைகளை விட்டுவிட்டு எப்படிப் போவது? அந்தப் பிள்ளையோடு நீங்கள்தான் போக வேண்டும், டாக்டர் கேட்பதற்குப் பதில் சொல்ல உங்களால்தான் முடியும். மற்ற பிள்ளைகளைச் சத்துணவு அமைப்பாளரும் சமையலரும் ஒரே அறையில் உட்கார வைத்துப் பார்த்துக்கொள்வார்கள். பள்ளிக்குப் பக்கத்திலேயே வீடுள்ள மேலாண்மைக் குழுத் தாய் ஒருவர் கூப்பிட்ட ஐந்து நிமிஷத்தில் வந்து நிற்பார். அந்தத் தாய் யார் என்று அடுத்த குழுக் கூட்டத்தில் தீர்மானம் போட்டு, அவருடைய கையெழுத்தையும் போன் நம்பரையும் வாங்கி, ஒரு நகலை வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்பி வையுங்கள்.