சூட்டு வலியும் இழுப்பும்

நேயர்களுக்கு வணக்கம்.

தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு தாலுகா மருத்துவமனைப் பிரசவ வார்டில் 31 வருஷம் செவிலியராக இருந்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். எட்டாம் மாதம், ஒன்பதாம் மாதம் பற்றி ஏதாவது பேசுங்கள் என்று வானொலி நிலையத்தில் சொன்னார்கள். எனக்கு ஒன்றுதான் பல வருஷமாக மனதில் கிடக்கிறது. மாசமாக இருக்கும் பெண்ணுக்கு வயிறு இறுகினால் குடும்பமே ஆட்டோவில் ஏறுகிறது. அதே பெண்ணுக்கு ராத்திரி முழுக்க நெஞ்சு இழுத்தால், “பிள்ளைத்தாய்ச்சிக்கு அப்படித்தான் மூச்சு வாங்கும், படு” என்று சொல்லிவிடுகிறார்கள்.

முதலில் வயிற்றுக்கு வருவோம். ஏழாம் மாதத்துக்கு மேல் பலருக்கு வயிறு திடீரென்று இறுகும், அரை நிமிஷமோ ஒரு நிமிஷமோ இருந்துவிட்டு இளகிவிடும். வீட்டில் சூட்டு வலி என்பார்கள், பொய் வலி என்பார்கள். டாக்டர்கள் பிராக்ஸ்டன் ஹிக்ஸ் என்பார்கள். 1872ல் இதைப் பற்றி எழுதிய ஆங்கிலேய மருத்துவர் அவர். வயிறு இறுகியதெல்லாம் பெண்களுக்கு, பெயர் மட்டும் அவருக்கு! சரி, போகட்டும்.

கேட்டுக்கொண்டே உங்கள் மூக்கு நுனியைத் தொட்டுப் பாருங்கள். அப்புறம் மோவாய். அப்புறம் நெற்றி. வார்டுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு இப்படித்தான் சொல்லிக்கொடுப்போம். இறுகும்போது வயிறு மூக்கு நுனி மாதிரி இருந்தால் லேசான வலி, மோவாய் மாதிரி என்றால் நடுத்தரம், நெற்றி மாதிரி அமுங்காமல் நின்றால் பலமான வலி. சூட்டு வலி பெரும்பாலும் மூக்கையும் மோவாயையும் சுற்றிக்கொண்டிருக்கும். நிஜ வலி படிப்படியாக நெற்றிக்கு ஏறும்.

தொட்டுப் பார்ப்பதைவிடக் கடிகாரம் முக்கியம். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் போதும். ஒரு வலி தொடங்கும் நேரத்தை எழுதுங்கள், அடுத்தது தொடங்கும் நேரத்தையும் எழுதுங்கள். இருபது நிமிஷம், எட்டு நிமிஷம், முக்கால் மணி என்று தாறுமாறாக வந்து அடங்கிவிட்டால் சூட்டு வலி. பத்து, எட்டு, ஆறு என்று நெருங்கி, இடுப்பில் பிடித்து முன்னால் வந்து, படுத்தாலும் நடந்தாலும் விடாவிட்டால் அது நிஜம்.

பாட்டிமார் சீரகக் கஷாயம் வைத்துக் கொடுப்பார்கள், சூட்டு வலி என்றால் நின்றுவிடும் என்று. நான் அதைக் கேலி செய்ததே இல்லை. உடம்பில் தண்ணீர் குறைந்தாலும், சிறுநீரை அடக்கினாலும், நாளெல்லாம் நின்று வேலை செய்தாலும் இந்த வலி வரும். ஒரு தம்ளர் குடித்து, சிறுநீர் கழித்துவிட்டு, அரை மணி இடது பக்கமாகச் சாய்ந்தால் பலருக்கு அடங்கிவிடும். இங்கேயும் பெயர் சீரகத்துக்கு, வேலை தண்ணீருக்கு. ஆனால் 37 வாரம் முடியாத பெண்ணுக்கு வலி ஒழுங்காக வரத் தொடங்கினால் கஷாயம் கொதிக்கும்வரை காத்திருக்காதீர்கள். நீர் உடைந்தாலும், ரத்தம் பட்டாலும், பிள்ளையின் அசைவு குறைந்தாலும் எந்த வாரமானாலும் கிளம்புங்கள்.

இனி நெஞ்சு. கர்ப்பத்தில் மூச்சு வாங்குவது இயல்புதான், படி ஏறினால் வாங்கும். ஆனால் அதில் விசில் சத்தம் வராது. விடியற்காலை மூன்று மணிக்கு இருமலோடு எழுப்பிவிடாது. இவை இருந்தால் இழுப்பாக, அதாவது ஆஸ்துமாவாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும்.

ஒரு பொங்கல் சமயம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த பெண், ஒன்பதாம் மாதம். ஒரே வாரத்தில் மூன்றாம் தடவையாக வலி என்று வருகிறாள். அம்மா கையில் பெரிய பை. பையைத் திறந்து பார்ப்பது என் வழக்கம், வார்டில் அதற்காகவே என்னைக் கிண்டல் செய்வார்கள். பழைய நூல் புடவை கிழித்த துணி, ஃபிளாஸ்க், விபூதிப் பொட்டலம், இன்னும் பிறக்காத பிள்ளைக்குக் குல்லாய், ஒரு டார்ச் லைட். டார்ச் லைட் எதற்கம்மா என்றேன். “கரண்ட் போயிட்டா, சிஸ்டர்?” அப்படி யோசிக்கிற அம்மா! அந்தப் பெண்ணோ மூன்று வார்த்தைக்கு ஒரு தடவை நிறுத்தி மூச்சு வாங்குகிறாள். வீசிங் உண்டா? உண்டு. பஃப் எங்கே? அம்மாவும் பெண்ணும் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். பஃப் அடித்தால் பிள்ளைக்கு ஆகாது என்று வளைகாப்பில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கே இன்ஹேலர் பீரோவுக்குள் போய்விட்டது. அப்புறம் போகிப் புகை. இருமி இருமி, தூங்காமல், தண்ணீர்கூடச் சரியாகக் குடிக்காமல் இருந்திருக்கிறாள். வயிறு இறுகாமல் என்ன செய்யும்? நெபுலைசர் வைத்தோம், தண்ணீர் கொடுத்தோம். சாயங்காலத்துக்குள் நெஞ்சும் இளகியது, வயிறும் இளகியது. பன்னிரண்டு நாள் கழித்து நிஜ வலியோடு வந்தாள். பையைத் திறந்தேன். மேலாகவே பஃப் இருந்தது. டார்ச் லைட்டும் இருந்தது.

பஃப் பிள்ளைக்கு ஆகாது என்பது தப்பு. திரும்பச் சொல்கிறேன், தப்பு. பஃபில் இருப்பது சால்புட்டமால், மூச்சுக்குழாயைத் தளர்த்தும் மருந்து. ஒரு தடவை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம். அதே மருந்து மாத்திரையில் 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் என்று இருக்கும், அதாவது இருபது மடங்கு, நாற்பது மடங்கு. பஃபைப் பார்த்துப் பயந்துவிட்டு மாத்திரையை விழுங்குகிறோம்! தினம் எடுக்கச் சொன்ன ஸ்டீராய்டு இன்ஹேலரையும் நீங்களாக நிறுத்தக் கூடாது. அம்மாவுக்கு மூச்சு திணறினால் பிள்ளைக்குப் போகும் பிராணவாயுவும் குறையும். கட்டுப்படாத ஆஸ்துமாவோடு எடை குறைந்த பிள்ளையும் குறைப்பிரசவமும் சேர்ந்து வருவதுண்டு.

சில பெண்கள் கேட்பார்கள்: சால்புட்டமால் கர்ப்பப்பையையும் தளர்த்துமே, பிரசவம் தள்ளிப்போகாதா? நல்ல கேள்வி. குறைப்பிரசவ வலியை நிறுத்த இதையே நரம்பில் ஏற்றியதுண்டு. பஃபில் போகும் அளவுக்கு அந்தச் சக்தி கிடையாது. வலி வரும்போது வரும்.

மூன்றில் ஒரு பங்குப் பெண்களுக்குக் கர்ப்பத்தில் ஆஸ்துமா கூடும், ஒரு பங்குக்குக் குறையும், ஒரு பங்குக்கு மாறாது என்பது பழைய கணக்கு. கூடுகிறவர்களுக்கும் கடைசி நாலு வாரம் பெரும்பாலும் கொஞ்சம் இறங்கும். சாம்பிராணி, கொசுவர்த்தி, மிளகாய் தாளிக்கும் நெடி, சம்பா அறுப்பில் களத்துத் தூசி என்று பெரிய பட்டியல் எழுதி வந்தேன்... கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி ஒரு விரலைக் காட்டுகிறார். ஒரு நிமிஷமாம்.

சரி, கட்டாயமானதை மட்டும் சொல்கிறேன். பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு நிற்காவிட்டால் போடும் ஊசிகளில் ஒன்று கார்போப்ரோஸ்ட். ஆஸ்துமாக்காரர்களுக்கு அது மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும். வேறு ஊசிகள் இருக்கின்றன. ரத்தக்கொதிப்புக்குத் தரும் லேபெட்டலாலும் ஆஸ்துமாவுக்கு ஒத்துக்கொள்ளாது. அதனால் வார்டுக்குள் நுழைந்ததும், பெயரைச் சொல்லும் முன்னாலேயே, “எனக்கு வீசிங் உண்டு” என்று சொல்லுங்கள். அட்டையில் சிவப்பு மையில் எழுதச் சொல்லுங்கள். பேச முடியாமல் மூச்சு திணறினால், உதடு நீலம் பாரித்தால், 108. பஃப் அடித்துக்கொண்டு தாய்ப்பால் கொடுக்கலாமா? கொடுக்கலாம், தாராளமாக. ஏன் என்று சொல்ல நேரமில்லை. வணக்கம்.