‘புலி வருது’ கதை சொன்னால் குழந்தை பொய் சொல்லாதா?

[திரையில்: சமையலறைத் தரையில் சிந்திய பால். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கும் சிறுவன்.]

“யார் கொட்டினது?”

“பூனை.”

வீட்டில் பூனையே கிடையாது.

இப்படி ஒரு பதில் வந்த அன்றைக்கு ராத்திரி, நம்மில் பல பேர் ‘புலி வருது, புலி வருது’ கதையைக் கையில் எடுப்போம். ஆடு மேய்க்கிற பையன் சும்மாவே கத்திக் கத்தி ஊரை ஏமாற்றுகிறான். ஒருநாள் நிஜமாகவே புலி வருகிறது. உதவிக்கு யாரும் வரவில்லை. கடைசியில் குரலைத் தாழ்த்தி, “பார்த்தியா, பொய் சொன்னா என்ன ஆகும்னு?” என்று முடிப்போம். குழந்தையும் தலையை ஆட்டும்.

மறுநாள் உண்மை சொல்லுமா? இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள்.

[திரையில்: சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் குழந்தை. பின்னால் மேசைமேல் ஒரு பொம்மை.]

டொரண்டோ பல்கலைக்கழகத்தின் காங் லீ என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வு இது. 3 முதல் 7 வயது வரை 268 குழந்தைகள். குழந்தைக்குப் பின்னால் ஒரு பொம்மையின் சத்தம் கேட்கும். திரும்பாமலே அது என்ன பொம்மை என்று சொல்ல வேண்டும். நடுவில் பெரியவர், “இதோ வந்துடறேன், திரும்பிப் பார்க்கக் கூடாது” என்று சொல்லிவிட்டு வெளியே போய்விடுவார். தனியாக விட்டால் எந்தக் குழந்தைக்குத்தான் கழுத்து திரும்பாது?

திரும்பி வந்ததும் பொம்மையை மூடிவிட்டு ஒரு கதை படிப்பார். சிலருக்கு நம் புலிக் கதை. அங்கே புலிக்குப் பதில் ஓநாய். சிலருக்குப் பொய் சொன்னால் மூக்கு நீளும் பினோக்கியோ. சிலருக்கு, பின்னாளில் அமெரிக்காவின் முதல் அதிபரான ஜார்ஜ் வாஷிங்டன், சிறுவனாக இருந்தபோது அப்பாவின் செர்ரி மரத்தைக் கோடரியால் வெட்டிவிட்டு ‘நான்தான்’ என்று ஒப்புக்கொண்ட கதை. ஒரு பிரிவுக்கு மட்டும், பொய்யோடு சம்பந்தமே இல்லாத ஆமை முயல் கதை. அப்புறம்தான் கேள்வி: “திரும்பிப் பார்த்தாயா?”

ஓநாயும் நீண்ட மூக்கும் ஆமை முயலைவிட எதையும் கூடுதலாகச் சாதிக்கவில்லை. வாஷிங்டன் கதை கேட்டவர்கள்தான் அதிகமாக உண்மையைச் சொன்னார்கள். காரணம், அந்தக் கதையில் அப்பா மகன் உண்மை சொன்னதற்காகச் சந்தோஷப்படுகிறார். அதே கதையின் முடிவைக் கெட்டதாக மாற்றிப் படித்துக் காட்டியபோது, பலனும் போய்விட்டது.

ஒரு வேடிக்கை என்னவென்றால், அந்தச் செர்ரி மரமே கட்டுக்கதை. வாஷிங்டன் இறந்தது 1799-இல். மேசன் வீம்ஸ் என்பவர் எழுதிய அவருடைய வாழ்க்கை வரலாற்றில் இந்தக் கதை 1806-ஆம் வருடப் பதிப்பில்தான் நுழைந்தது.

பால் கொட்டிய பையனிடம் வருவோம். பூனை வந்ததே பயத்தில்தான். புலியைக் காட்டி இன்னும் பயமுறுத்தினால், அடுத்த முறை வரும் பூனைக்கு நிறமும் வாலும் இருக்கும். ஒப்புக்கொண்டால் என்ன நடக்கும் என்பதுதான் அவனுக்குத் தெரியாது.

[திரையில்: பத்து ஸ்டிக்கர்கள்.]

அதே பல்கலைக்கழகத்தில் 2017-இல் இன்னொரு ஆய்வு. 4 முதல் 6 வயதுக் குழந்தைகளிடம் பத்து ஸ்டிக்கர்களைக் கொடுத்து, கிடைக்காத பிள்ளைக்கும் கொடுக்கலாம் என்றார்கள். பகிர்ந்துகொள்வதைப் பற்றிய ஒரே கதையை இரண்டு விதமாகப் படித்துக் காட்டினார்கள். ஒன்றில் மனிதர்கள், இன்னொன்றில் சட்டை போட்ட விலங்குகள். மனிதர்கள் வந்த கதையைக் கேட்டவர்கள்தான் அதற்கப்புறம் கூடுதலாகக் கொடுத்தார்கள்.

உடனே பஞ்சதந்திரத்தைத் தூக்கிப் பரணில் போட வேண்டாம். விஷ்ணு சர்மா மூன்று இளவரசர்களுக்கு ராஜநீதி கற்பிக்கச் சொன்னதாக வருகிற கதைகள் அவை. நரியின் சூதும் அங்கே பாடம்தான். பாட்டி வடை சுட்ட கதையில்கூட, காக்காவும் திருடு, நரியும் திருடு. பாட்டிக்குக் காசு யார் கொடுத்தது என்று எந்தக் குழந்தையாவது கேட்டால் நம்மிடம் பதில் இல்லை.

[திரையில்: இரவு. பாயில் அம்மாவும் மகனும்.]

சரி, அந்த ராத்திரி என்ன கதை சொல்வது? இப்படி ஒன்று.

மீனு இரண்டாம் வகுப்பு. அண்ணனுடைய ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து காம்பஸை எடுத்துச் சுவரைக் குத்தி விளையாடினாள். முனை வளைந்துவிட்டது. சத்தமில்லாமல் பாக்ஸை மூடி வைத்துவிட்டாள். ராத்திரி ரசம் சாதம் தொண்டையில் இறங்கவில்லை.

இங்கே நிறுத்துங்கள். “மீனுவுக்கு வயித்துல எப்படி இருந்திருக்கும்?” என்று கேளுங்கள். குழந்தை சொல்லட்டும். நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள்.

“அண்ணா, ஒண்ணு சொல்றேன், கத்தக் கூடாது” என்று மீனு ஆரம்பித்தாள். அண்ணன் கொஞ்சம் கத்தினான். அவன் கத்தவே இல்லை என்று சொல்லிவிடாதீர்கள், எந்தப் பிள்ளையும் நம்பாது. கத்தி முடித்து, “சொன்னியே, அதுவரைக்கும் நல்லது” என்றான். அப்புறம் இரண்டு பேருமாகக் கட்டிங் பிளேயரைத் தேடியெடுத்து, முனையை நிமிர்த்தப் பார்த்தார்கள்.

அவ்வளவுதான் கதை. ‘இதிலிருந்து நாம் அறிவது’ என்று ஆரம்பிக்க நாக்கு துறுதுறுக்கும், கடித்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரம் கழித்து இருட்டிலிருந்து ஒரு கேள்வி வரும்: “நிமிர்ந்துச்சா?”

“பாதி. வட்டம் கோணலாத்தான் வந்துச்சு.”

சிரிப்பான். சில நாள் அந்தச் சிரிப்போடு தூங்கிவிடுவான். சில நாள், “அம்மா, அந்தப் பால் இருக்குல்ல...” என்று இழுப்பான். அப்போது, “அப்படின்னா பூனை?” என்று மட்டும் மடக்கிவிடாதீர்கள்.