செங்கல் வாங்கும் முன்

நேயர்களுக்கு வணக்கம்.

பசுமைக் கட்டடம் என்றதும் பலருக்கு மொட்டை மாடி சோலார் தகடும், சுவரில் தொங்கும் செடியும், இரட்டைக் கண்ணாடி ஜன்னலும்தான் நினைவுக்கு வரும். கூடவே, "அதெல்லாம் காசு இருக்கிறவங்க சமாச்சாரம்" என்ற எண்ணமும் வரும். பசுமைக் கட்டட ஆலோசகரைக் கடைசியில் கூப்பிட்டால் அப்படித்தான் முடியும். பிளான் அப்ரூவல் வாங்கி, கடைக்கால் போட்டு, பில்லர் எழும்பிய பிறகு வருகிறவரால் எதைக் குறைக்க முடியும்? எதையாவது சேர்க்கத்தான் முடியும். பிளான் பென்சிலில் இருக்கும்போதே கூப்பிட்டால், நல்ல ஆலோசகர் முதலில் கேட்பது ரப்பர். இன்றைக்குப் பேச்சு அந்த ரப்பரைப் பற்றித்தான்.

முதலில் மண். பெசன்ட் நகர்ப் பக்கம் தோண்டினால் மணல். பள்ளிக்கரணை, வேளச்சேரி என்றால் களிமண். பரங்கிமலை ஓரம் சில அடியிலேயே பாறை தட்டலாம். எல்லாம் சென்னை என்ற ஒரே ஊர்தான். மண் பரிசோதனை செய்யாமல், "பக்கத்து வீட்டுக்கு ஐந்தடி போட்டோம், இங்கேயும் அதே" என்று மேஸ்திரி சொல்வதைக் கேட்டால், கெட்டி மண்ணில் தேவையற்ற கம்பியும் கான்கிரீட்டும் புதைந்துபோகும். களிமண்ணாக இருந்தால், மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்கி, சில வருடத்தில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் கிளம்பும். விரிசல் விட்டால் சண்டை போடுகிறோம். மண்ணுக்குள் வீணாய்ப் போன கம்பிக்காக யாரும் சண்டை போடுவதில்லை, கண்ணில் படாததால்.

அடுத்தது அளவு. வீட்டில் உட்கார்ந்து கேட்பவர்கள் தரையைக் கொஞ்சம் பாருங்கள். சுவரோரம் டைல்ஸ் வெட்டுத்துண்டாக முடிகிறதா? இரண்டடி டைல்ஸ் என்று வாங்குவது உண்மையில் 600 மில்லிமீட்டர், இரண்டடிக்குக் கொஞ்சம் குறைவு. அறை 10 அடி என்றால், இரண்டு பக்கப் பூச்சும் போக, ஐந்து முழு டைல்ஸ் கச்சிதமாக உட்காரும். அதையே 11 அடியாக்கினால் ஒவ்வொரு வரிசைக்கும் ஆறாவது டைல்ஸ் ஒன்றை வெட்ட வேண்டும். வெட்டிய துண்டு ஓர் அடிக்குச் சற்று மேல். மீதி அதைவிடச் சின்னது என்பதால் அடுத்த வரிசைக்கும் உதவாது. 11-க்கு 12 அறையில் ஆறு வரிசைக்கும் ஏறக்குறைய அரை டைல்ஸ் குப்பைக்குப் போகும், வெட்டுக்கூலி தனி. கம்பியும் இப்படித்தான். 12 மீட்டர் நீளத்தில் வருகிறது. பிளான் போடும்போதே வெட்டுப் பட்டியல் தயாரித்துவிட்டால் துண்டுக் கம்பி குறையும். இல்லையென்றால் அத்தனையும் காயலாங்கடைக்கு.

சரி, சுவருக்கு வருவோம். எனக்குப் பிடித்த விஷயம் என்பதால் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தீப்பெட்டியைக் கையில் எடுங்கள். மேசையில் படுக்க வையுங்கள். வழக்கமான ஒன்பது இஞ்ச் சுவரில் செங்கல் அப்படித்தான் படுத்திருக்கும். இப்போது மருந்து தடவிய பக்கம் கீழே வரும்படி நிமிர்த்துங்கள். எலிப்பொறிக் கட்டு என்பது இதுதான். உள்பக்கம் ஒரு வரிசை, வெளிப்பக்கம் ஒரு வரிசை, நடுவில் மூன்று இஞ்ச் வெற்றிடம். இடையிடையே ஒரு கல் குறுக்கே நின்று இரண்டையும் பிடித்துக்கொள்ளும். உள்ளே பொறி மாதிரிப் பெட்டி பெட்டியாக இருப்பதால் அந்தப் பெயர். இங்கிலாந்தில் பிறந்து கேரளத்தில் வாழ்ந்த லாரி பேக்கர் நம் பக்கத்தில் பரப்பிய முறை இது. சுவர் அதே ஒன்பது இஞ்ச்தான். ஆனால் 100 சதுர அடிச் சுவருக்கு ஏறக்குறைய 1,000 கல் பிடிக்கும் இடத்தில் கால் பங்கு, அதாவது சுமார் 250 கல், மிச்சமாகும். கலவையும் குறையும். உள்ளே நிற்கும் காற்று, மேற்கு வெயில் அறைக்குள் இறங்குவதைத் தாமதப்படுத்தும்.

பிறகு ஏன் எல்லோரும் கட்டுவதில்லை? தப்பு நடக்கும் இடங்கள் இருக்கின்றன. கல்லின் ஓரம் நேராக இல்லாவிட்டால் வரிசை நெளியும், நெளிந்ததைப் பூச்சில் சரிக்கட்டினால் மிச்சம் போச்சு. ஆகவே கல்லைப் பார்த்து வாங்க வேண்டும். கொத்தனார் கலவையை வெற்றிடத்துக்குள் கொட்டிவிட்டால் அது வெளிச்சுவருக்கும் உள்சுவருக்கும் பாலமாகி, ஐப்பசி மழையில் ஈரத்தை உள்ளே கடத்தும். மேலே ஒரு பலகையை வைத்துக்கொண்டு கட்டினால் இது நின்றுவிடும். முதல் வரிசை, ஜன்னல் அடி, லின்டல் (கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் கான்கிரீட் பட்டை) மட்டம், கூரைக்கு அடியில் வரும் வரிசை எல்லாம் திடமாக இருக்க வேண்டும். சென்னைக்கும் மிதமான நிலநடுக்க ஆபத்து உண்டு என்பதால், மூலைகளில் வெற்றிடத்துக்குள் கம்பி நிறுத்திக் கான்கிரீட் நிரப்ப வேண்டும். முக்கியமாக, கரன்ட் பைப்பைக் கட்டும்போதே உள்ளே விட்டுவிட வேண்டும். கட்டி முடித்துவிட்டுச் சுவரைக் கொத்தினால் கல் உடைந்து உள்ளே விழும். தண்ணீர்க் குழாயை இந்தச் சுவரில் கொண்டுபோகவே கூடாது.

இன்னொரு காரணமும் உண்டு, இதை யாரும் வெளியே சொல்வதில்லை. சென்னையில் பெரும்பாலும் சதுர அடி ரேட் கான்ட்ராக்ட். கல்லை மிச்சம் பிடித்தால் அந்தக் காசு வீட்டுக்காரருக்கு வராது, கான்ட்ராக்டருக்குப் போகும். அவரோ பழக்கமில்லாத வேலைக்குக் கொத்தனார் தயங்குவார் என்று பழையபடியே கட்டிவிடுவார். மிச்சம் உங்கள் கைக்கு வர வேண்டுமென்றால், எவ்வளவு வேலைக்கு எவ்வளவு பொருள் என்று தனித்தனியாக எழுதி ஒப்பந்தம் போடுங்கள். அந்தப் பட்டியலைத் தயாரிப்பது ஆலோசகர் வேலை. மறுபடி சொல்கிறேன், பட்டியல் இல்லாத மிச்சம் உங்களுடையது அல்ல.

கூரையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு முருங்கைக்காயை இரு கையால் நடுப்பகுதி கீழே தொங்கும்படி வளைத்தால் மேல்தோல் அழுந்தும், அடித்தோல் இழுபடும். கான்கிரீட் தளத்திலும் அதுவே நடக்கிறது. இழுபடும் அடிப்பக்கத்தில் வேலை செய்வது கம்பி, கான்கிரீட் அங்கே சும்மா இருக்கிறது. அந்த இடத்தில் ஓடுகளைப் பதித்தால் கான்கிரீட்டும் தளத்தின் எடையும் குறையும். ஓடுகளை முன்கூட்டியே தண்ணீரில் ஊறவைக்காவிட்டால் அவை கான்கிரீட்டின் தண்ணீரைக் குடித்துவிடும். பீமை ஒட்டிய பகுதியில் ஓடு வைக்கக் கூடாது, ஃபேன் கொக்கி எங்கே என்பதையும் சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் பலகை) போடும்போதே முடிவு செய்ய வேண்டும். கணக்கு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியருடையது, கொத்தனாருடைய உத்தேசம் போதாது.

வெயில். உச்சி வெயிலுக்கு நெற்றியில் கை வைத்தால் கண் தப்பிக்கும். மாலை நாலு மணி வெயிலுக்கு முகத்துக்கு நேரே கையை நிறுத்த வேண்டும். தெற்கு ஜன்னலுக்கு இரண்டடி சன்ஷேட் நல்ல வேலை செய்யும். மேற்கு ஜன்னலுக்கு அதே சன்ஷேட் மழைக்கு உதவுமே தவிர, மாலை வெயிலுக்கு வெறும் செலவு. மேற்கில் மாடிப்படி, குளியலறை, அலமாரி வையுங்கள். ஜன்னல்களைக் கடற்காற்று வரும் கிழக்கிலும் தென்கிழக்கிலும் வையுங்கள். படுக்கையறைக்கு ஒன்றரை டன் ஏசியா, ஒரு டன் போதுமா என்பது பிளானிலேயே பாதி முடிவாகிவிடுகிறது.

நேரம் ஆகிவிட்டது என்று ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து விரல் காட்டுகிறார்கள். மழைநீர் சேகரிப்பு பற்றி விரிவாகச் சொல்ல எடுத்து வைத்திருந்தேன். 2003 முதல் தமிழ்நாட்டில் அது எப்படியும் கட்டாயம். சென்னையில் வருடத்துக்கு ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர் மழை, 1,000 சதுர அடி மாடியில் விழுவது மட்டும் சுமார் 1,30,000 லிட்டர். குழாய் இறங்கும் இடத்தையும் தொட்டியையும் பக்கத்துப் பக்கத்தில் பிளானிலேயே போட்டுவிட்டால் பின்னால் தரையை உடைக்க வேண்டியதில்லை.

ஆலோசகர் கட்டணம் பற்றி ஒரே வரி. மொத்தச் செலவில் இத்தனை சதவீதம் என்று பேசாதீர்கள், செலவு குறைந்தால் அவர் வருமானமும் குறையும். ஒரே தொகையாகப் பேசுங்கள், அதில் பாதியைப் பொருள் பட்டியல் கைக்கு வந்த பிறகு கொடுங்கள்.

நன்றி, வணக்கம்.